அட்டன்பரோக்கள் எல்லோரும் ஒரே தாத்தாவின் பேரன்களா?

'காந்தி' படத்தை இயக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோவைத் தெரியும்தானே? 'ஜுராசிக் பார்க்'கில் வெள்ளைத் தாடித் தாத்தாவாக வருவாரே, அவரேதான். டி.வி.யில் விலங்குகளைப் பற்றிப் பேசியே உலகத்தைக் கட்டிப்போட்ட டேவிட் அட்டன்பரோ அவருடைய தம்பி. இவ்வளவு பிரபலமான பெயர், இங்கிலாந்தில் மிக அபூர்வம். அங்கே தடுக்கி விழுந்தால் ஒரு ஸ்மித் மீதுதான் விழ வேண்டும். அட்டன்பரோவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நாட்டிங்ஹாம் நகருக்கு அருகே, டிரென்ட் நதிக்கரையில் அட்டன்பரோ என்றே ஒரு கிராமம் உண்டு. பிழைப்புத் தேடி வெளியூர் போனவரைச் சொந்த ஊரின் பெயராலேயே கூப்பிடுவது அந்தக் கால இங்கிலாந்தின் வழக்கம். அது பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டு குடும்பப் பெயராகிவிடும். 'கோட்டையருகே குடியிருப்பவர்' என்று பொருள் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லுப்பட்டறை இருந்ததால், ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத ஸ்மித்கள் ஆயிரக்கணக்கில் முளைத்தார்கள். ஒரு சின்ன கிராமத்தின் பெயர் அப்படிப் பெருகுமா?

அப்படியானால் அட்டன்பரோக்கள் எல்லோரும் ஒரே தாத்தாவின் வாரிசுகளா? லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜோப்ளிங் இருவரும் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். குடும்பப் பெயரைப் போலவே ஒய் குரோமோசோமும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவது. 40 குடும்பப் பெயர்களைக் கொண்ட 1,678 ஆண்களிடம் அதை ஒப்பிட்டார்கள். 2009-ல் முடிவு வெளியானது. அட்டன்பரோ ஆண்களில் 87 சதவிகிதம் பேருக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம்! ஸ்மித்களிடம் அப்படி எந்த ஒற்றுமையும் இல்லை.

சரி, மீதி 13 சதவிகிதம்? உடனே கிசுகிசு வேண்டாம். தத்துப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள், அம்மாவின் குடும்பப் பெயரைப் போட்டுக்கொண்டவர்கள் இருந்திருப்பார்கள். ரகசிய உறவுகளும் இருந்திருக்கும்தான். எல்லாம் சேர்த்து, தலைமுறைக்கு 1 முதல் 4.5 சதவிகிதம் வரைதான் பெயரும் ரத்தமும் தனித்தனி வழி போயிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. பல நூறு வருடங்களுக்கு இது குறைவுதான்.

ரிச்சர்டும் டேவிட்டும் வளர்ந்ததும் இதே லெஸ்டரில்தான். பின்னாளில் பல்கலைக்கழகமாக மாறிய கல்லூரிக்கு அவர்கள் அப்பா முதல்வர். 1939-ல் பெர்லினிலிருந்து தப்பிவந்த இரண்டு யூதச் சிறுமிகளுக்கு அடைக்கலம் தர அந்தத் தம்பதி நினைத்தார்கள். மூன்று மகன்களையும் கூப்பிட்டுச் சம்மதம் கேட்ட பிறகே முடிவெடுத்தார்கள். பெயரும் வேறு, ரத்தமும் வேறு. ஆனாலும் போர் முடிந்து அந்தச் சகோதரிகள் அமெரிக்கா கிளம்பும்வரை, அட்டன்பரோ வீட்டில் பிள்ளைகள் ஐந்து பேர்.