கூலியும் கில்லாடியும்

ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் என்னிடம், "ஐயா, கூலி என்பது வசைச்சொல்லா?" என்று வினவினான். பால்மரம் வெட்டிய அவன் தாத்தாவை யாரோ அவ்வாறு இழித்துரைத்தனராம். இதற்கு விடையிறுத்தல் தமிழாசிரியர் கடனாகும்.

கூலி பழந்தமிழ்ச் சொல். உடல் வருந்தியதற்குக் கிடைக்கும் பயன் என்னும் பொருளில் வள்ளுவர் இதனை 'ஆள்வினையுடைமை' அதிகாரத்தில் ஆண்டுள்ளார். இஃது ஊதியத்தின் பெயர். அதனைப் பெறுபவரைக் கூலியாள், கூலிக்காரர் என்றோம். ஆங்கிலத்திலோ ஆளே 'கூலி' ஆனார். 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, மேற்கிந்தியக் 'கோலி' இனப்பெயரை அதற்கு மூலமாகக் காட்டித் தமிழ்க் கூலியையும் உடன் கருதுகிறது. எது மூலமாயினும், தமிழறிந்த செவிக்கு அது மனிதனை அவன் சம்பளத்தின் பெயரால் அழைப்பதேயாம். சீனர் அவ்வொலியை எழுதத் தேர்ந்த இரண்டு எழுத்துகளின் பொருள் 'கசப்பு', 'வலிமை' என்பதாகும். எத்துணைப் பொருத்தம்!

கங்காணியின் கதை வேறு. கண்ணால் காண்பவர் கண்காணி. அதுவே கங்காணி எனத் திரிந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் சிவன் கோயில் காரியங்களை மேற்பார்த்தோர் 'ஸ்ரீமாகேசுவரக் கண்காணி' எனப்பட்டனர். மலாயாத் தோட்டத்தில் அதே சொல் ஆள் திரட்டுபவரைக் குறித்தது. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே மதிப்போடு ஐயமும் அச்சொல்லில் ஏறிற்று. 1938இல் இந்திய அரசு அம்முறைக் குடிபெயர்வைத் தடுத்தது. சொல் மட்டும் நின்றது.

இனி ஏமாற்றுவோர் பெயர்களைக் காண்போம். அக்காலத்தார் காசைத் துணி முனையில் முடிந்து வைப்பர். அம்முடிச்சைக் களவாடுபவன் முடிச்சுமாறி, அவிழ்ப்பவன் முடிச்சவிழ்க்கி. பேமானி பாரசீக வழியில் வந்தது. 'பே' இன்மையையும் 'ஈமான்' நம்பிக்கையையும் குறிக்கும். கில்லாடியோ வடமொழிகளில் வெறும் விளையாட்டு வீரன்! நம்மிடம் வந்து சூழ்ச்சிக்காரன் ஆனான்.

நோக்குமின்: முடிச்சுமாறிக்கு இழிபெயர் தந்தது அவன் செயல். கூலிக்கோ பழி தந்தது அழைத்தவன் வாய். உழைத்தவர் செய்த பிழை யாதுமில்லை. இவ்வேறுபாட்டைச் சொற்பொருளோடு சேர்த்துக் கற்பிப்போமாக. அம்மாணவனிடம் நான் சொன்னது இவ்வளவே: "தம்பி, உன் தாத்தா கூலி அல்லர், கூலி பெற்றவர். வியர்வை சிந்தாமல் பெற்றவனே நாண வேண்டும்."