கடல் கடந்து வந்த ஆடலிசை

எளாவூரை அடுத்து விரிந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. அதன் கரையில் வாழ்வோருள் பலர் மீன்பிடித் தொழிலினர். வலை இழுப்பதும் தோணி தள்ளுவதும் பலர் கூடிச் செய்யும் வேலைகள். எல்லோருடைய கைகளும் ஒருங்கே இயங்குதல் வேண்டும். அதன்பொருட்டே தமிழகக் கடலோர மக்கள், ஒருவர் முன்பாட ஏனையோர் பின்பாடும் அம்பாப் பாட்டைப் படைத்துக்கொண்டனர்.

பழவேற்காட்டிற்குத் துயர வரலாறு ஒன்றும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்த வணிகர், இத்துறையிலிருந்து ஏழை மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிப் படேவியாவுக்கு அனுப்பினர். அந்நூற்றாண்டில் ஆப்பிரிக்க மக்களும் விலங்கிடப்பட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே வயல்களில் உழன்ற அம்மக்களும், முன்பாட்டும் பின்பாட்டுமாகப் பாடியே தம் களைப்பை ஆற்றிக்கொண்டனர். அவர்தம் வழிவந்தோர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் வளர்த்த இசையே ஜாஸ் எனப்படுவது.

1930களில் இவ்விசை, ஆடலரங்குகளுக்கு ஏற்ற பெருங்குழு இசையாக வளர்ந்தது. அதனை ஸ்விங் என்பர். டிரம்பெட், டிராம்போன் முதலிய பித்தளைக் கருவிகள் ஓரணி. சாக்சபோன், கிளாரினெட் முதலியவை மற்றோரணி. ஓரணி வினவுவதுபோல் ஒலிக்க, மற்றது விடை கூறுவதுபோல் ஒலிக்கும். பியானோவும் டிரம்மும் சேர்ந்த மூன்றாம் அணி தாளத்தைத் தாங்கி நிற்கும். அனைவரும் தாளில் எழுதிய சுரங்களைப் பார்த்தே வாசிப்பர். எனினும் இடையிடையே ஒருவர் எழுந்து, தம் கற்பனை சென்றவாறு வாசிப்பார். நம் இசையரங்கில் இதனை மனோதர்மம் என்கிறோம் அன்றோ! கட்டுப்பாடும் உரிமையும் ஒருங்கே அமைவதே இவ்விசையின் சிறப்பாகும்.

பிளெச்சர் ஹெண்டர்சன், டியூக் எல்லிங்டன் முதலிய கறுப்பினக் கலைஞர்கள் இத்துறையில் பெரும்புகழ் பெற்றனர். ஆயினும், அவர்கள் வாசிப்பைக் கேட்டு மகிழ்ந்தோர் அவர்களோடு ஒரே பந்தியில் உண்ண ஒருப்படவில்லை. பல ஊர்களில் அவர்களுக்கு விடுதியில் தங்கவும் இடம் கிடைக்கவில்லை. ஆதலின் சிலர் பிறநாடுகளை நாடிச் சென்றனர்.

1935இல் லியான் ஆபி என்னும் வயலின் கலைஞர், கறுப்பினத்தார் குழுவொன்றைப் பம்பாய்த் தாஜ்மகால் ஓட்டலுக்கு அழைத்து வந்தார். பின்னர் வந்த பியானோக் கலைஞர் டெடி வெதர்போர்டு, பம்பாயிலும் கல்கத்தாவிலும் புகழ் பெற்று, 1945இல் கல்கத்தாவிலேயே காலமானார்.

இவர்களிடமிருந்து இக்கலையை விரைந்து கற்றவர்கள் கோவா நாட்டு இளைஞர்கள். அங்குள்ள சிற்றூர்த் தேவாலயப் பள்ளிகளில் சிறுவர்க்குச் சுரங்களைப் படிக்கவும் எழுதவும் கற்பித்து வந்தனர். ஏட்டைப் பார்த்தவுடன் வாசிக்கும் அப்பயிற்சியே அவர்களுக்குப் பிழைப்பிற்கு வழியாயிற்று. அவருள் அந்தோணியோ சேவியர் வாஸ் என்பவர் சிக் சாக்லேட் என்ற பெயரால் டிரம்பெட்டில் சிறந்து விளங்கினார்.

நாடு விடுதலை பெற்றபின் ஆடலரங்குகள் குறைந்தன. வாத்தியக்காரர் பலர் திரைப்பட நிலையங்களை நாடினர். இசையமைப்பாளர் பாடிக் காட்டிய மெட்டை, ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியாகப் பிரித்து எழுத அவர்கள் பெரிதும் துணைபுரிந்தனர். சி. இராமச்சந்திரா இசையமைத்த ‘அல்பேலா’ என்னும் 1951ஆம் ஆண்டு இந்திப் படத்தில், சிக் சாக்லேட்டின் துணையால் ஸ்விங் இசை இந்திய மெட்டோடு கலந்து ஒலித்தது. ஆயினும் அக்காலப் படங்களில் வாத்தியக்காரர் பெயர்கள் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

பழைய திரைப்பாடல் ஒன்றின் இடையே டிரம்பெட் ஓங்கி ஒலிக்கும்போது, அவ்வொலிக்குப் பின்னே நெடுவழி ஒன்று இருப்பதை நினைத்தல் வேண்டும். அடிமைகளின் வயலில் தோன்றி, ஆடலரங்கில் வளர்ந்து, கோவாச் சிற்றூரார் கைவழியே நம் செவிக்கு வந்தது அது. பாட்டைப் போற்றுவோர், பெயர் அறியப்படாத அவ்வாத்தியக்காரரையும் போற்றுதலே முறை.