கறுப்பு வெள்ளைக் கட்டைகள் – 14: இரண்டு கை, இரண்டு கால்

போன வாரம் கீபோர்டுக்குள் வயலின் புகுந்த கதையைப் பார்த்தோம். இந்த வாரம் டிரம்ஸ்.

லட்ச ரூபாய் கீபோர்டில் வாசித்தாலும் சிலரிடம் டிரம்ஸ் பொம்மைச் சத்தமாகவே கேட்கிறது. உடனே நல்ல டோன் தேடி, புதுப்புது சாம்பிள்களாக வாங்கிச் சேர்க்கிறார்கள். டோன் பிரச்சினைக்கு 1980-லேயே வழி பிறந்துவிட்டது. இன்னும் தீராமல் இருப்பது வாசிப்புப் பிரச்சினை.

அந்த ஆண்டு இரண்டு டிரம் மெஷின்கள் வந்தன. ஜப்பானின் ரோலண்டு டிஆர்-808, எல்லா ஒலிகளையும் மின்சுற்றிலேயே செய்தது. அதில் சிம்பல் ஒலி ஆறு ஆஸிலேட்டர்களின் கூட்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் டிரம்ஸ் மாதிரி இருக்காது. அமெரிக்காவில் ரோஜர் லின் வேறு வழியில் போனார். உண்மையான டிரம்ஸைப் பதிவுசெய்து, அந்த ஒலியைச் சிப்பில் ஏற்றி எல்எம்-1 என்ற கருவியைக் கொண்டுவந்தார். அதில் சிம்பல் கிடையாது. பேஸ் டிரம்மின் 'தும்' அரை நொடிக்குள் அடங்கிவிடும்; சிம்பலோ பல நொடிகள் இரைந்துகொண்டே இருக்கும். அவ்வளவு நீளத்தைச் சேமிக்க அன்றைய மெமரி விலை இடம் கொடுக்கவில்லை. 1982-ல் வந்த லின்டிரம்மில்தான் சிம்பல் சேர்ந்தது.

அசல் ஒலி கிடைத்த பிறகும் ஏன் இயந்திரம் மாதிரியே கேட்கிறது? ஸ்னேர் கட்டையை வேகமாக எட்டு முறை தட்டிப் பாருங்கள். ஒரே பதிவு எட்டு முறை ஒலிக்கும். இசைக்காரர்கள் இதை 'மெஷின் கன்' என்பார்கள். நிஜ டிரம்ஸில் வலக்கை அடியும் இடக்கை அடியும் ஒன்றாக இருக்காது. குச்சி விழும் இடம் ஒவ்வொரு முறையும் சற்று நகரும். முந்தைய அடியின் அதிர்வு அடங்குமுன் அடுத்த அடி விழும். அதனால்தான் நல்ல சாம்பிள் தொகுப்புகளில் ஒரே அடியைப் பலமுறை பதிவுசெய்து, மாற்றி மாற்றி ஒலிக்க விடுகிறார்கள். இதற்கு 'ரவுண்டு ராபின்' என்று பெயர்.

அடுத்தது அடியின் பலம். மிடி கணக்கில் இதை வெலாசிட்டி என்பார்கள். 1 முதல் 127 வரை. மெதுவாக அடித்தால் ஒலி குறைவதோடு அதன் கூர்மையும் மழுங்க வேண்டும். நல்ல கருவி மென்மையான அடிக்கும் பலத்த அடிக்கும் தனித்தனிப் பதிவு வைத்திருக்கும். அதைப் பயன்படுத்துவது நம் வேலை. எட்டு ஹை-ஹாட் அடிகளையும் 100-லேயே வைக்காதீர்கள். எண்ணிக்கை விழும் இடத்தில் 95, இடையில் 65 என்று ஏற்ற இறக்கம் கொடுங்கள். இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் ஸ்னேர் 110-ஐத் தொடட்டும். நடுநடுவே 30 அளவில் கேட்டும் கேட்காமலும் சில ஸ்னேர் அடிகள் போடலாம். டிரம்மர்கள் இவற்றை 'கோஸ்ட் நோட்' என்பார்கள்.

மூன்றாவது, உடம்புக் கணக்கு. டிரம்மருக்கு இரண்டு கை, இரண்டு கால். கீபோர்டில் நமக்குப் பத்து விரல் இருப்பதால் ஹை-ஹாட், ஸ்னேர், கிராஷ் மூன்றையும் ஒரே நேரத்தில் அடித்துவிடுகிறோம். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் பொய் என்று காது சொல்லிவிடும். டாம்களில் ஃபில் உருட்டும்போது குச்சியால் அடிக்கும் ஹை-ஹாட்டை நிறுத்துங்கள். கிராஷ் விழும்போது கூடவே பேஸ் டிரம் கொடுங்கள். பெரும்பாலான டிரம்மர்கள் வாசிப்பது அப்படித்தான். திறந்த ஹை-ஹாட் இரையும்போது மூடிய அடி விழுந்தால், முதல் ஒலி சட்டென்று அறுபட வேண்டும். அறுபடாவிட்டால் மேடையில் இரண்டு ஹை-ஹாட் இருப்பதுபோல் ஆகிவிடும்.

நான்காவது, நேரம். 120 டெம்போவில் பதினாறில் ஒரு பங்கு அடிக்கு 125 மில்லி நொடி. குவாண்டைஸ் பொத்தானை அழுத்தினால் எல்லா அடியும் கோட்டில் போய் நிற்கும். ஸ்னேரைப் பத்து மில்லி நொடி பின்னே தள்ளிப் பாருங்கள். தாளம் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். இந்த ரகசியம் லின்னுக்கும் தெரிந்திருந்தது. நேரத்தைத் திருத்தும் வசதியோடு ஸ்விங்கையும் எல்எம்-1-லேயே வைத்தார். ஜோடி அடிகளில் இரண்டாவதை மட்டும் சற்றுத் தாமதப்படுத்துவதுதான் ஸ்விங். ஆனால் அடிகளைக் கண்டபடி முன்னும் பின்னும் சிதறவிடுவது இதற்கு மாற்றாகாது. நல்ல டிரம்மர் பிந்துவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கும்.

ரிவெர்ப் பற்றி ஒரே வரி: எல்லா டிரம்முக்கும் ஒரே சிறிய அறையைக் கொடுங்கள், ஸ்னேருக்கு மட்டும் மண்டபம் வேண்டாம்.

நம்மூர் மெல்லிசை மேடைகளில் கீபோர்டுக்குள்ளேயே தாளம் இருந்தும், பக்கத்தில் ஒருவர் குச்சியோடு ஆக்டோபேடு முன்னால் நிற்பார். ரோலண்டு 1985-ல் வெளியிட்ட முதல் ஆக்டோபேடுக்குச் சொந்த ஒலியே கிடையாது. எட்டுப் பேடுகள் கையின் அடியை வாங்கி, மிடி வழியே வேறு கருவியை ஒலிக்க வைத்தன. டோனே இல்லாத ஒரு பெட்டிக்கு இசைக்காரர்கள் காசு கொடுத்தார்கள். அவர்கள் வாங்கியது அடிக்கும் வசதியை.

(அடுத்த வாரம்: தபேலாவின் இடக்கை ஒலி ஏறி இறங்கும் குழைவை பிட்ச் பெண்ட் சக்கரத்தால் பிடிக்க முடியுமா?)