‘சந்திரகாந்தா’ தொடரில் செஞ்சோற்றுக் கடனும் அரியணை வேட்கையும்

1994ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘சந்திரகாந்தா’ என்னும் இந்தித் தொடர், தேவகிநந்தன் கத்ரி 1888இல் வெளியிட்ட அப்பெயருடைய புதினத்தை அடிப்படையாகக் கொண்டது. அது வரலாற்றுக் கோலம் பூண்டதேயன்றி வரலாறு கூறுவதன்று. விஜய்கட், நௌகட், சுனார் ஆகிய ஊர்கள் மெய். அவற்றை ஆள்வோர் கற்பனை மாந்தர்.

விஜய்கட் அமைச்சர் குபத் சிங்கின் மகன் குரூர் சிங். இளவரசி சந்திரகாந்தாவை மணந்து அரியணையைக் கைப்பற்ற அவன் விழைகிறான். அவளோ நௌகட் இளவரசன் வீரேந்திரனை விரும்புகிறாள். தந்தையின் பெயர் தீநெறியையும் மகனின் பெயர் கொடுமையையும் சுட்டுதலின், இரண்டகம் பெயரிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. குரூர் சிங் சுனார் மன்னன் சிவதத்தனின் துணையை நாடுங்கால், இளவரசியின் அழகைக் கேட்ட சிவதத்தன் அவளைத் தனக்கே வேண்டுகிறான். வலியோனைத் துணைக்கழைத்த வேட்கை, தான் வேட்ட பொருளையே அவனிடம் இழக்க நேர்கிறது. புதினத்தின் அரசியல் நுட்பம் இவ்விடத்தேதான் உள்ளது எனலாம்.

இதற்கு மறுதலையாக நிற்போர் ‘ஐயார்’ எனப்படும் மாறுவேட ஒற்றர். ‘ஐயார்’ அரபு மூலமுடைய சொல். பாரசீக, உருதுக் கதைகளின் வழியே இந்திக்கு வந்தது. தமிழ் ‘ஐயர்’ என்பதனோடு இதற்கு உறவில்லை. வீரேந்திரனின் ஐயார் தேஜ் சிங் வேடம் மாற்றுவான், மயக்க மருந்து தந்து பகைவரை மூட்டையாகக் கட்டித் தூக்கி வருவான், பொய்யும் புகல்வான். ஆயினும் தன் தலைவனிடத்து அவன் பிறழ்வதில்லை. பகைவரிடம் பிடிபட்ட ஐயாரைச் சிறையிடலாம், கொல்லலாகாது என்பது கதையுலக மரபு. சிவதத்தனின் ஐயார்களான பத்ரிநாத் முதலியோர் பின்னர் வீரேந்திரனின் பணியில் அமர்கின்றனர். அதனை எவரும் இரண்டகமாகக் கருதுவதில்லை. பற்று நாட்டின்பாற்பட்டதன்று, ஊட்டிய கையின்பாற்பட்டது என்பது இதனாற் புலனாம். இந்தி இதனை ‘நமக்’, அதாவது உப்பு என்னும் சொல்லாற் குறிக்கத் தமிழ் மரபு செஞ்சோற்றுக் கடன் என்கிறது. ஒன்று உப்பையும் மற்றொன்று சோற்றையும் தேர்ந்தமை ஒப்பாய்வுக்குரியது.

நீர்ஜா குலேரி உருவாக்கிய தொலைக்காட்சி வடிவம் புதினத்தினின்று பெரிதும் விலகியது. வாட்போரும் மாயக்காட்சியும் அதிற் பெருகின. குரூர் சிங்காக அகிலேந்திர மிஸ்ரா தோன்றி ‘யக்கூ’ என முழங்கியதும், வஞ்சகன் நகைச்சுவை மாந்தனாகவும் ஆனான். தேஜ் சிங்கின் நேர்மையினும் இவனது வேட்கையே பார்வையாளர் நினைவில் நிலைத்தது. அவ்வொற்றைச் சொல்லைச் சிறுவர் தெருக்களிற் கூவித் திரிந்தனர்.