ஒளி காட்டாத அலைவுகாட்டி

நாடித் துடிப்பை வைத்தியர் விரலால் அறிகிறார். மின்னின் துடிப்பைக் கண்ணாற் காணச் செய்வது கதோட்டுக் கதிர் அலைவுகாட்டி. 1897ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் பெர்டினண்ட் பிரௌன் ஆக்கிய குழாயே அதன் மூலம். 1982இல் பீதுருதலாகல உச்சியிலிருந்து ரூபவாகினியின் ஒளிபரப்பு பரவியபோது, மலைநாட்டார் கண்ட தொலைக்காட்சிப் பெட்டிகளில் இருந்ததும் அதே இனத்துக் குழாய்தான்.

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் பழைய அலைவுகாட்டி ஒன்று கிடக்கிறதென வைத்துக்கொள்வோம். ஆளியைப் போட்டால் முகப்பு விளக்கு எரிகிறது; திரையோ இருண்டு கிடக்கிறது. உடனே, "குழாய் போய்விட்டது" என்று பழைய இரும்புக்கு எடைபோட்டு விடுவார்கள். ஆராயாமல் அளித்த தீர்ப்பு அது.

முதலில் முகப்புக் குமிழ்களைப் பாருங்கள். வெளிச்சக் குமிழ் குறைத்து வைக்கப்பட்டிருக்கலாம். இடநிலைக் குமிழ்கள் கோட்டைத் திரைக்கு வெளியே தள்ளியிருக்கலாம். 'நோர்மல்' என்ற நிலையில் விட்டிருந்தால், உள்ளீடு இல்லாதபோது பல கருவிகளில் கோடே தோன்றாது, 'ஒட்டோ'வுக்கு மாற்றுங்கள். மாணவர் கைபட்ட கருவிகளில் இவையே பெரும்பாலும் குற்றவாளிகள்! பின்னர் அறையை இருட்டாக்கி, காற்றுத் துளைகளின் வழியே குழாயின் கழுத்தை நோக்குங்கள். அங்கே செம்மஞ்சள் ஒளி தெரிந்தால் இழை அறுந்துவிடவில்லை, நம்பிக்கைக்கு இடமுண்டு.

இதற்கு மேல் மூடியைக் கழற்ற வேண்டும். இது மாணவர் வேலையன்று. உள்ளே ஆயிரம், இரண்டாயிரம் வோல்ற்று அழுத்தம் உண்டு. மின்செருகியைப் பிடுங்கிய பின்னரும் கொள்ளளவிகள் அம்மின்னைத் தேக்கி வைத்திருக்கும். அது உயிரையே குடிக்கவல்லது. அனுபவசாலிகளே முறைப்படி அதனை வெளியேற்றிய பின்புதான் உள்ளே கை வைப்பர். ஓடும் கருவியை அளக்க நேர்ந்தால் ஒரு கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வர். உயரழுத்தத்தை அளக்க அதற்குரிய துருவுகோல் வேண்டும். சாதாரணப் பன்மானி உதவாது.

அவர்களும் தாழ்ந்த அழுத்தங்களையே முதலில் அளப்பர். நெடுங்காலம் ஓடாதிருந்த கருவியில் மின்பகுப்புக் கொள்ளளவிகள் வலுவிழப்பது வழக்கம். அதனால் வழங்கி தளர, விலக்கற் றகடுகளின் சமநிலை கெட்டுக் கதிர் திரைக்கு வெளியே ஓடிவிடும். குழாயில் குறை எதுவுமிராது.

நமது மலைகளுக்கென்றே இன்னொரு வில்லங்கம் உண்டு. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. பனியும் மழையும் அங்கு ஓயாத விருந்தாளிகள். தூசியும் ஈரமும் சேர்ந்தால் உயரழுத்தம் கசிந்தோடும். கொழுந்தை வாட்டி ஈரம் போக்கும் கலை தெரிந்த நாட்டில் இதற்கு வைத்தியம் சொல்லவேண்டுமா? மின்னிணைப்பைத் துண்டித்து, தூசி தட்டி, மிதமான வெப்பமுள்ள உலர்ந்த அறையில் சில நாள் வைத்த பின்னரே மீண்டும் ஆளியைப் போடவேண்டும்.

திரையில் பச்சைப் புள்ளி தோன்றினால், ஆனந்தத்தில் அப்படியே விட்டுவிடாதீர்கள். அசையாமல் நிற்கும் புள்ளி திரைப்பூச்சை எரித்துவிடும். உடனே வெளிச்சக் குமிழைக் குறைத்து, புள்ளியைக் கோடாக ஓடவிடுங்கள்.