ஆப் அறிவிப்பு ரிப்போர்ட்: எந்தக் கட்டத்தில் என்ன கணக்கு?

ஆலங்குளம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் கடைக்கென்று சொந்தமாக 'ஆப்' செய்து வாங்கலாமா என்று யோசிக்கும் வணிகர்களும், ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். புதுச் சரக்கு வந்தாலும், விலை குறைந்தாலும் வாடிக்கையாளரின் செல்போனுக்கு அறிவிப்பு போய்விடும். மாதம் முடிந்ததும் ஆப் செய்து கொடுத்த கம்பெனி ஒரு ரிப்போர்ட்டை அனுப்பி, கூடவே பில்லையும் நீட்டும். பில்லைப் படிக்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ரிப்போர்ட்டில் உள்ள கட்டங்களைத்தான் விளங்கிக் கொள்ள வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஆப்கள் கூகுளின் ஃபயர்பேஸ் சேவை வழியாகத்தான் அறிவிப்புகளை அனுப்புகின்றன. அதன் ரிப்போர்ட்டில் முக்கியமான கட்டங்கள் நான்கு: சென்ட்ஸ், ரிசீவ்டு, இம்ப்ரஷன்ஸ், ஓபன்ஸ்.

'சென்ட்ஸ்' என்பது லாரி ஆபீசில் போட்ட புக்கிங் ரசீது மாதிரி. கூகுள் சரக்கை ஏற்றுக் கொண்டது, அவ்வளவுதான். ஐபோனாக இருந்தால் ஆப்பிள் கம்பெனியிடம் ஒப்படைத்தாகிவிட்டது என்று பொருள். சரக்கு ஊர் வந்து சேர்ந்ததற்கு அது அத்தாட்சி ஆகாது. 'ரிசீவ்டு' என்பதுதான் போனுக்குள் வந்து சேர்ந்த கணக்கு. ஆனால் இது ஆண்ட்ராய்டு போன்களுக்கு மட்டுமே கிடைக்கும். 'இம்ப்ரஷன்ஸ்' என்பது திரையில் அறிவிப்பாகக் காட்டப்பட்டது. இதுவும் ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான். 'ஓபன்ஸ்' என்பது வாடிக்கையாளர் அந்த அறிவிப்பைத் தொட்டுத் திறந்தது. அறிவிப்பு வரும் நேரத்தில் ஆப் ஏற்கெனவே திறந்திருந்தால் அது இந்தக் கடைசி இரண்டு கட்டங்களிலும் சேராது.

ஒரு பேச்சுக்கு, எல்லாம் ஆண்ட்ராய்டு போன்கள் என்றே வைத்துக் கொள்வோம். சென்ட்ஸ் 2,000, ரிசீவ்டு 1,400, இம்ப்ரஷன்ஸ் 1,250, ஓபன்ஸ் 50. ஆப் கம்பெனிக்காரர் 50-ஐ 1,250-ஆல் வகுத்து "4 சதவீதம் பேர் திறந்தார்கள்" என்பார். 2,000-ஆல் வகுத்தால் அதுவே 2.5 சதவீதம் ஆகிறது. இரண்டும் பொய்க் கணக்கு அல்ல. ஆனால் சென்ற மாதம் ஒன்றால் வகுத்து இந்த மாதம் மற்றொன்றால் வகுத்தால், வளராத வியாபாரம் வளர்ந்த மாதிரி தெரியும். எதால் வகுத்தீர்கள் என்று கேட்டுக் கொள்வது நம் உரிமை.

வந்து சேராத அந்த 600 எங்கே போயிற்று? கூகுள் இதற்கும் தனியாக ஒரு விவரம் தருகிறது. ஆண்ட்ராய்டு போன்களில் எத்தனை சதவீதம் போய்ச் சேர்ந்தது, எத்தனை நிலுவையில் இருக்கிறது, எத்தனை கைவிடப்பட்டது என்று அதில் பிரித்துக் காட்டப்படும். கைவிடப்பட்டதற்குக் காரணமும் உண்டு: வாடிக்கையாளர் ஆப்பை வலுக்கட்டாயமாக நிறுத்தி வைத்திருக்கலாம், போன் வெகுநாள் இணையத் தொடர்பின்றிக் கிடந்திருக்கலாம், அல்லது செய்தியின் ஆயுள் முடிந்திருக்கலாம். நான்கு கட்டங்களை மட்டும் அனுப்பி வைக்கும் கம்பெனியிடம் இந்த விவரத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.

செய்தியின் ஆயுள் என்றோமே, அதில்தான் கடைக்காரருக்கு உண்மையான ஆபத்து இருக்கிறது. வேறு விதமாகக் குறிப்பிடாவிட்டால், இணையத் தொடர்பு இல்லாத போனுக்குரிய அறிவிப்பைக் கூகுள் 4 வாரம் வரை வைத்திருந்து, தொடர்பு வந்ததும் சேர்ப்பித்துவிடும். "இன்று ஒரு நாள் மட்டும் எண்ணெய் விலை குறைப்பு" என்று தீபாவளிக்கு முன்பு அனுப்பியது, டேட்டா ரீசார்ஜ் செய்யாமல் இருந்த ஒருவருக்குத் தீபாவளி கழிந்து போய்ச் சேரலாம். அவர் போனை நீட்டிக் கொண்டு கல்லாவில் வந்து நின்றால் நாம் என்ன பதில் சொல்வது? ஒரு நாள் சலுகைக்கு ஆயுளையும் ஒரு நாளாகக் குறிப்பிடச் சொல்ல வேண்டும். செய்தியிலும் தேதியைப் போட்டுவிட வேண்டும்.

சென்ட்ஸுக்கும் இம்ப்ரஷன்ஸுக்கும் இடைவெளி பெருகுவதற்கு இன்னொரு காரணம், 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13. அது முதல், புதிதாக ஏற்றப்படும் ஆப் வாடிக்கையாளரின் அனுமதி பெற்ற பிறகே அறிவிப்பைக் காட்ட முடியும். அனுமதி கொடுத்தவரும் எப்போது வேண்டுமானாலும் அதை நிறுத்திவிடலாம். நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறவரைக் காலை 10 மணிக்குத் தினமும் எழுப்பினால் அவர் வேறென்ன செய்வார்! எனவே, அறிவிப்பை நிறுத்தி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கையும் ஆப்பில் சேர்க்கச் சொல்வது நலம்.

பில் விஷயத்தில் ஒன்று. எஸ்.எம்.எஸ்.ஸுக்குத் தொலைபேசி கம்பெனி ஒவ்வொன்றுக்கும் காசு வாங்குகிறது. டிராயின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்யவும் வேண்டும். ஆனால் ஃபயர்பேஸ் அறிவிப்புக்குக் கூகுள் கட்டணம் வாங்குவதில்லை. ஆகவே அறிவிப்பு ஒன்றுக்கு இத்தனை பைசா என்று பில் வந்தால், அது முழுக்க ஆப் கம்பெனியின் சேவைக் கட்டணம். பேரம் பேச அங்கே இடமிருக்கிறது. சென்ட்ஸ் எண்ணிக்கைக்குப் பணம் கொடுப்பதைவிட மாதம் இவ்வளவு என்று பேசிக் கொள்வதே நமக்குச் சௌகரியம்.

அறிவிப்பைப் பார்த்துவிட்டு நேரில் வந்து வாங்கியவர் கணக்கு இந்த ரிப்போர்ட்டில் தானாக வராது. அதற்குப் பில் போடுகிறவர் "ஆப்பில் பார்த்து வந்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக் குறித்துக் கொண்டால் போதும். கூகுளின் எண்கள் வந்து சேரப் பல மணி நேரம் ஆவதும் உண்டு. எனவே, அனுப்பிய அன்று மாலையே ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டாம். ஒப்பந்தம் போடும்போதே, ரிப்போர்ட்டை நேரடியாகப் பார்க்கக் கடைக்காரர் பெயரிலும் ஒரு லாகின் வேண்டும் என்று எழுதி வாங்கிக் கொள்ளவும்.