தவறிய பந்து யாருக்கு?

2017 ஏப்ரல் 1. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் அரையிறுதி ஆட்டம். ஒரிகன் அணியைவிட வட கரோலினா ஒரே ஒரு புள்ளி முன்னால் இருக்கிறது: 77-76. ஆட்டம் முடிய ஆறு விநாடிகூட இல்லை. கென்னடி மீக்ஸ் இரண்டு இலவச எறிதல்களையும் கோட்டை விடுகிறார். திரும்பிய பந்தைத் தியோ பின்சன் தட்டிவிட, அது ஜோயல் பெரியின் கைக்குப் போகிறது. எதிரணி அவரை ஃபவுல் செய்கிறது. பெரிக்கும் இரண்டு எறிதல், இரண்டும் தவறுகின்றன. இந்த முறை பாய்ந்து பிடித்தவர், முதலில் தவறவிட்ட அதே மீக்ஸ்! நான்கு முறை எறிந்தும் பந்து கூடையில் விழவில்லை. ஆனாலும் ஜெயித்தார்கள். அடுத்து இறுதியாட்டத்தில் கொன்சாகாவை 71-65 என வென்று வாகை சூடினார்கள்.

தன் அணி எறிந்து தவறிய பந்தைத் தானே மீண்டும் பிடிப்பதற்கு ‘அஃபென்சிவ் ரீபவுண்ட்’ என்று பெயர். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். காலையில் பால் எடுத்த பிறகும் மங்கில், வெட்டுப்பட்டையில் ஒட்டுப்பால் மிஞ்சும். என் பாட்டி அதை விட்டுவைக்க மாட்டார். உரித்து, சேர்த்து, தனியாக நிறுத்துப் போடுவார். மரமும் அதுதான், வெட்டும் அதுதான். காசு மட்டும் கூட வரும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஓர் அணி 60 முறை எறிந்து 36 முறை தவறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 9 பந்துகளை மீட்டால் 9 மறுவாய்ப்பு, 14 மீட்டால் 14. ஒரு வாய்ப்புக்குச் சராசரியாக ஒரு புள்ளி என்றாலும், வித்தியாசம் ஐந்து புள்ளி. கல்லூரி ஆட்டங்களில் எத்தனை வெற்றி தோல்விகள் அந்த ஐந்துக்குள் அடங்கிவிடுகின்றன!

என் அக்கா மகன் கெடாவில்தான் படிக்கிறான். கல்லூரி அணியில் இருந்தாலும் பெரும்பாலும் பெஞ்சுதான். “மாமா, ஹைட்டும் இல்ல, எறிஞ்சா விழவும் மாட்டேங்குது. பேசாம நின்னுடலாமான்னு பார்க்கிறேன்” என்றான். காற்பந்துத் திடலில் புரண்டு வளர்ந்த நம் பையன்கள் பலருக்குக் கூடைப்பந்து என்றாலே ஒரு தயக்கம் உண்டு. அது உயரமானவர்கள் ஆட்டம் என்று நாமே முடிவு கட்டி வைத்திருக்கிறோம். நான் அவனிடம் டென்னிஸ் ராட்மேனைப் பார்க்கச் சொன்னேன்.

ராட்மேன் ஒரு காலத்தில் டல்லாஸ் விமான நிலையத்தில் இரவு நேரத் துப்புரவுப் பணியாளர். பிறகு ஒக்லஹோமாவில் ஒரு சிறிய கல்லூரி அணி. 6 அடி 7 அங்குலம் நமக்குப் பெரிசு. ஆனால் என்பிஏவில் வளையத்தடியில் மல்லுக்கட்டுபவர்களிடையே அது குள்ளம். அப்படியிருந்தும் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள் ரீபவுண்டில் அவரே முதலிடம். பயிற்சி நேரத்தில் சக ஆட்டக்காரர்கள் எறியும் பந்து காற்றில் எப்படிச் சுழல்கிறது, பட்டு எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று நின்று கவனிப்பாராம். மூலையிலிருந்து எறிந்த பந்து தவறினால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் விழும். தூரத்திலிருந்து எறிந்தது தூரமாகத் துள்ளும். இது தெரிந்தவன் பந்து விழும் முன்பே அங்கே போய் நின்று, முதுகாலும் இடுப்பாலும் எதிராளியை அடைத்துவிடுவான். உயரம் அப்புறம்தான்.

இதில் ஆபத்தும் உண்டு. ஐந்து பேரும் வளையத்தடிக்கு ஓடி, பந்து எதிரணிக்குப் போய்விட்டால் பின்னால் மைதானம் வெறிச்சோடிக் கிடக்கும். நொடியில் கூடை வாங்கவேண்டியதுதான். அதற்குப் பயந்தே பல பயிற்றுநர்கள் “எறிந்ததும் திரும்பி ஓடு” என்கிறார்கள். எனக்கு அது அதிகப்படியான பயமாகத்தான் படுகிறது. மூன்று பேர் பாயட்டும், இரண்டு பேர் பின்னால் நிற்கட்டும். யார் பாய்வது, யார் நிற்பது என்று முன்கூட்டியே பேசிவைக்காத அணிதான் இரண்டையும் கெடுத்துக்கொள்கிறது.

பிடித்த பிறகும் யோசிக்க நேரம் குறைவு. அனைத்துலக விதிப்படி புதிய தாக்குதலுக்கு 24 விநாடி கிடைக்கும். மீட்ட பந்துக்கு 14 தான். கூட்டத்துக்குள் அவசரப்பட்டு மறுபடி எறிவதா, வெளியே தனியாக நிற்பவனுக்குக் கொடுப்பதா? அக்கா மகன் இப்போது வெளியே கொடுத்துப் பழகுகிறான். அவன் எறிந்தால்தான் விழாதே!